தையற் பொறியின் பாதம்

தமிழில் ‘தையல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. ஊசியும் நூலும் கொண்டு துணியோடு துணியை இணைப்பதும் தையல், அழகும் தையல், பெண்ணும் தையல் என்று அகராதி கூறும். இம்மூன்றும் ஒரே சொல்லில் கூடியிருப்பது நம் மொழிக்கு வாய்த்த சிறப்பு. இவ்வாண்டு மலருக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளும் இம்மூன்றும் சந்திக்கும் இடத்தைப் பற்றியதே ஆகும்.

ஆண்டு மலர் என்றால் மூவேந்தர் வரலாறும், கோயிற் கல்வெட்டும், புலவர் பெருமையும் இடம்பெறுவது மரபு. தையல் இயந்திரத்தில் ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடித்திருக்கும் சிறு இரும்புத் துண்டுக்கும் வரலாறு உண்டோ என அன்பர்கள் நகைக்கலாம். உண்டு. அதனைத் தையற்காரர்கள் ‘புட்’ என்பர். நாம் பாதம் என்போம். அப்பாதத்தின் வரலாற்றில் கலகக் கூட்டம் உண்டு, நீதிமன்ற வழக்கு உண்டு, காந்தியடிகள் உண்டு, மட்டாஞ்சேரியில் வாழும் நம் காலனித் தாய்மார்களும் உண்டு.

வரிசை கூடாத விரிப்பு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நடந்தது இது. பயணிகளுக்குப் பொருள் விற்கும் ஒரு கடைக்காரர், நம் காலனி மகளிர் 8 பேரிடம் 20 படுக்கை விரிப்புகள் தைத்துத் தரும்படி கேட்டார். பல நிறத் துணிகளைச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே மெல்லிய பஞ்சோ பழந்துணியோ பரப்பி, அடித்துணி சேர்த்துத் தைப்பதனை ஆங்கிலேயர் ‘குவில்ட்’ என்பர். நாம் ஒட்டுத்துணி விரிப்பு என்று சொல்லலாம். கொச்சியின் புழுக்கத்துக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள், கர்க்கடக மழையில் நள்ளிரவில் ஒருமுறை விழித்துப் பார்த்தல் வேண்டும்.

வேலை பகிர்ந்தளிக்கப்பட்டது. நான்கரை அங்குலச் சதுரங்களை ஒருவர் வெட்டினார். வரிசைக்கு 12 சதுரமாக, ஏனையோர் தத்தம் இல்லத்தில் தத்தம் இயந்திரத்தில் இணைத்தனர். பின்னர் எல்லா வரிசைகளையும் நம் சங்கக் கூடத்தில் விரித்துச் சேர்க்கத் தொடங்கினர். அப்போதுதான் குறை தெரிந்தது. ஒரு வீட்டு வரிசை நாற்பத்தெட்டரை அங்குலம். மற்றொரு வீட்டு வரிசை 47 அங்குலத்தைச் சிறிது தாண்டியது. குட்டையானதை இழுத்துப் பிடித்து நெட்டையானதோடு தைத்தனர். விரிப்பு சுருங்கியது, சதுரங்களின் மூலைகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கடைக்காரர் 12 விரிப்புகளை ஏற்று, 8 விரிப்புகளைத் திருப்பி அனுப்பினார். அவர் மீது பிழையில்லை.

ஐந்து வாரங்களின் மாலைப்பொழுதும் துணியின் விலையும் வீணாயின. அதனினும் பெரிய இழப்பு வேறு. “வெட்டியவள் சரியாக வெட்டவில்லை” என்று ஒரு சாரார். “தைத்தவள் கண் தப்பியது” என்று மறு சாரார். பொங்கலுக்குப் பொங்கல் பானை மாற்றிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. குற்றம் யாருடையது என்று ஆராயப் புகுந்தபோதுதான் நாம் இந்தப் பாதத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது.

கிழிந்ததும் இணைந்ததும்

துண்டுகளை இணைத்தல் நமக்குப் புதிதன்று. தைத்தலைப் பழந்தமிழர் ‘துன்னல்’ என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகாலனை நாடிச் சென்ற பொருநன் உடுத்திருந்தது வேற்று நூல்கள் நுழைந்து ஒட்டுப்போட்ட கந்தல். அக்கந்தலை நீக்கி, பாம்பின் தோல் போன்ற நுண்ணிய ஆடையை மன்னன் நல்கினான் என்று அந்நூல் கூறும். யாழின் தோற்போர்வையை இணைத்துத் தைத்த செய்தியும் அந்நூலிலேயே உண்டு.

சேர நாட்டு இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில், புகார் நகரின் தொழிலாளர்களைச் சொல்லி வருமிடத்தில் துணி தைக்கும் துன்னகாரரும், தோல் தைக்கும் துன்னரும் வருகின்றனர். துணியைக் குறிக்கும் ‘கிழி’ என்னும் சொல்லும் அங்கே உண்டு. கிழிக்கப்பட்டது கிழி, கிழித்தவற்றை மீண்டும் ஒன்றாக்குவது துன்னல். சேர மண்ணில் தமிழ் வளர்க்கும் நம் சங்கத்தார்க்கு இவ்வரிய சொற்கள் உரிமையுடையன அன்றோ!

தஞ்சை வட்டாரத்தில் இக்கலை கோயிலைச் சார்ந்து வளர்ந்தது. தேரில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளும், தோரணங்களும், விதானச் சீலைகளும் வண்ணத் துணித் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தவையே. சிவப்பின் மேல் வெள்ளை, வெள்ளையின் மேல் பச்சை என்று அடுக்கி, ஓரத்தை மடித்துத் தைப்பர். தேர் வரும்போது தெய்வத்தை வணங்கும் நாம், அச்சீலையைத் தைத்த கையை நினைப்பதில்லை.

வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் ‘கவண்டி’ என்னும் விரிப்பைத் தைக்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். விளிம்பிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி ஓட்டுத்தையலால் தைத்துச் செல்வர். மூலைகளில் பூப்போல் சிறு மடிப்புகளை வைத்து முடிப்பர். வங்காளத்தின் காந்தாவும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்ததே. பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிப்பது நம் பாட்டிமார்களும் அறிந்த வழக்கம்.

இவை யாவும் கைத்தையல். கையே அளவுகோல்; கண்ணே நூற்குண்டு. ஒருத்தியே தொடங்கி ஒருத்தியே முடிப்பதால், அவள் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் எங்கும் ஒன்றுபோலவே கூடும், குறையும். பலர் பிரித்துத் தைத்துப் பின்னர் ஒன்று சேர்க்கும்போதுதான் பொது அளவு என்னும் கேள்வி எழுகிறது.

பொறி வந்த வரலாறு

தையற்பொறிக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் தாமஸ் செயின்ட் என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1790. தோல் தைப்பதற்கென அவர் வரைந்த பொறி அது. 1830-இல் பிரான்சு நாட்டில் பார்த்தலெமி திமோனியே என்னும் தையற்காரர் தம் பொறிக்கு உரிமை பெற்றார். பாரிசில் 80 பொறிகளை நிறுவிப் படைவீரர் சீருடை தைக்கலானார். தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் கூட்டமாகப் புகுந்து பொறிகளை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857-இல் வறுமையிலேயே மறைந்தார். உடைத்தவர்களும் ஏழைகள், உடைபட்டவரும் ஏழை. பொறி என்றவுடன் எழும் அச்சத்தின் முதல் அத்தியாயம் அது.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இல் உரிமை பெற்றார். நுனியில் கண்ணுடைய ஊசி மேல்நூலைக் கொண்டுசெல்ல, கீழேயுள்ள ஓடம் இன்னொரு நூலைச் செலுத்த, இரண்டும் துணியின் நடுவே பூட்டிக்கொள்ளும் தையல் அது. நம் வீட்டு இயந்திரங்களில் இன்றும் விழுவது அப்பூட்டுத் தையலே. ஆயினும் ஹோவின் பொறியில் துணியைச் செங்குத்தாக ஊசிகளில் மாட்டித் தொங்கவிட வேண்டும். சிறிது தூரம் தைத்தவுடன் நிறுத்தி மீண்டும் மாட்ட வேண்டும்.

அக்குறையைத் தீர்த்தவர் ஐசக் சிங்கர். 1850-இல் பாஸ்டன் நகரில் ஆர்சன் பெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் பழுதுபட்ட பொறியொன்றைப் பார்த்தவர், அதனினும் நன்றாகச் செய்யலாம் என்று முனைந்து, 1851-இல் உரிமை பெற்றார். துணி மேசைமேல் கிடையாகக் கிடந்தது. ஊசி மேலும் கீழும் நேராக இயங்கியது. சுருள்வில்லின் விசையால் துணியை மேலிருந்து அழுத்தும் பாதம் அமைந்தது. துணி தடித்தால் பாதம் உயரும்; மெலிந்தால் தாழும். மூன்றாண்டு கழித்து, 1854-இல், ஆலன் வில்சன் என்பவர் கீழேயிருந்து துணியை நகர்த்தும் பற்களை அமைத்தார். எழும்பி, முன்தள்ளி, தாழ்ந்து, பின்வாங்கும் அந்நான்கு இயக்கமே இன்றும் நம் இயந்திரங்களில் உள்ளது. மேலே பாதம், கீழே பற்கள், இடையே துணி என்னும் அமைப்பு இவ்வாறு முழுமையுற்றது.

பின்னர் வழக்குகள் மூண்டன. ஆளுக்கொரு பகுதியின் உரிமையைக் கையில் வைத்திருந்ததால், ஒருவரும் மற்றவரை மீறி முழுப்பொறி செய்ய இயலவில்லை. 1856-இல் அவர்கள் உடன்பட்டுத் தம் உரிமைகளை ஒன்றாகத் திரட்டினர். அக்கூட்டு 1877 வரை நீடித்தது. தவணைமுறையில் பணம் செலுத்தும் ஏற்பாட்டால் பொறி எளிய வீடுகளுக்கும் சென்றது. அதே 1877-இல் சிங்கர் கம்பெனி இலங்கையிலும் கால் வைத்தது. நம் நாட்டில், 1930-களில், கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் ‘உஷா’ என்னும் பெயரில் தையல் இயந்திரம் செய்யத் தொடங்கியது. வெளிநாட்டுப் பொறிக்கு ஈடாக உள்நாட்டுப் பொறி மணப்பெண்ணின் சீர்வரிசையில் இடம்பெற்றது.

பெட்டிக்குள் உறங்கும் பாதங்கள்

சிங்கர் இயந்திரத்தோடு துணைக்கருவிகளைப் பெட்டியில் இட்டுத் தருவது வழக்கமாயிற்று. 1889-இல் காப்புரிமை பெற்ற மரப்பெட்டியொன்று மிகவும் அழகியது. மடித்தால் பெட்டி, விரித்தால் தட்டையான பலகை. ஒவ்வொரு பாதத்துக்கும் உரிய பள்ளம் அதில் இருக்கும். மேல்நாட்டார் அதனைப் புதிர்ப்பெட்டி என்று செல்லமாக அழைப்பர். ஓரத்தை மடித்துக்கொண்டே தைக்கும் பாதம் ஒன்று. கொசுவம் வைக்கும் பாதம் ஒன்று. ஓரப்பட்டி கட்டும் பாதம் ஒன்று. இழைமடிப்பு வைப்பது ஒன்று. முன்னே தைத்த கோட்டைத் தொட்டு அடுத்த கோட்டை இணையாகத் தைக்கக் கம்பி நீட்டிய விரிப்புப்பாதம் ஒன்று.

நம் காலனியில் இயந்திரம் இல்லாத வீடு குறைவு. இழுப்பறையைத் திறந்தால் பாபினுக்கும் உடைந்த ஊசிக்கும் நடுவே இப்பாதங்கள் எண்ணெய் காணாமல் துருவேறிக் கிடக்கும். பத்துப் பாதம் இருக்கும் வீட்டில் பயன்படுவது ஒன்றே. மற்றவற்றின் பெயரை அறிந்தவர் மாமியார் காலத்தோடு போயினர்.

இதனைக் கண்டபோது நமக்கு நினைவு வந்தது இருப்புப்பாதை. ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்குக் கொச்சி சமஸ்தானத்து ரயில்பாதை 1902-இல் திறக்கப்பட்டது. அது மீட்டர் அளவுப் பாதை. ஷோரனூர் வழியே சென்னைக்குச் சென்ற பாதையோ ஐந்தரை அடி அகலப் பாதை. இரண்டும் நல்ல பாதைகளே. ஆனால் அளவு வேறு. ஆகவே ஷோரனூரில் சரக்கை இறக்கி மறுவண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. 1930-களில் கொச்சிப் பாதையும் அகலப்பாதையாக மாற்றப்பட்ட பின்னரே அத்துன்பம் தீர்ந்தது. நம் காலனியில் 7 வீட்டு இயந்திரங்களும் 7 சமஸ்தானத்துப் பாதைகளாக இருந்தன! வெட்டியவரும் பிழை செய்யவில்லை. தைத்தவரும் பிழை செய்யவில்லை. அளவுதான் ஒன்றாக இல்லை.

மாகாணியின் கணக்கு

ஒட்டுத்துணி வேலையில் துணி விளிம்புக்கும் தையற்கோட்டுக்கும் இடையே கால் அங்குலம் விடுவது உலக வழக்கு. நான்கரை அங்குலச் சதுரம் இருபுறமும் கால் கால் அங்குலம் இழந்து நான்கு அங்குலமாகத் தோன்றும். 12 சதுரம் கொண்ட வரிசைக்கு 11 இணைப்பு. 54 அங்குலத்தில் ஐந்தரை அங்குலம் தையலுக்குள் மறைந்தால், மீதி நாற்பத்தெட்டரை.

இப்போது ஒருவர் கால் அங்குலத்துக்கு மேல் மாகாணி அங்குலம், அதாவது 1/16 அங்குலம், கூடுதலாக விட்டார் என்று கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத அளவு.  ஆனால் ஒவ்வோர் இணைப்பிலும் இரு துணியும் மாகாணி இழக்கும். ஆக இணைப்புக்கு அரைக்கால். 11 இணைப்புக்கு 11 அரைக்கால், அதாவது ஒன்றே காலே அரைக்கால் அங்குலம். வரிசை 47 அங்குலமும் அரைக்காலுமாகக் குறுகிவிடும். சங்கக் கூடத்தில் நாம் கண்ட குறை இதுவே. திண்ணைப் பள்ளியில் கீழ்வாயிலக்கம் ஒப்பித்த பெரியவர்களுக்கு மாகாணியின் வலிமை தெரியும். சிறு கடன் வட்டியால் வளர்வதுபோல், சிறு பிழை இணைப்பால் வளரும்.

இதனை நீக்கவே தனிப்பாதங்கள் தோன்றின. அமெரிக்காவில் 1970-களில் ஒட்டுத்துணிக் கலை புத்துயிர் பெற்றது. 1979-இல் ஜப்பானிய ஓல்பா கம்பெனி, சக்கரம் போல் உருண்டு துணியை வெட்டும் கத்தியை வெளியிட்டது. அளவாக வெட்ட வழி பிறந்தது. அளவாகத் தைக்கக் கால் அங்குலப் பாதம் பரவியது. இதன் வலப்புற விளிம்பு ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம். துணியின் ஓரத்தைப் பாதத்தின் ஓரத்தோடு ஓட்டினாலே போதும். சிலவற்றில் துணி வெளியே போகாதபடி சிறு தகடு சுவர்போல் நிற்கும். ஊசிக்கு முன்னும் பின்னும் கால் அங்குலத்தில் கோடு கீறியிருக்கும். மூலையில் எங்கே நின்று திரும்புவது என்பதை அக்கோடு சொல்லும்.

இன்னொன்று நடைபாதம். சாதாரணப் பாதத்தின் கீழ், பற்கள் அடித்துணியை இழுத்துச் செல்லும். மேல்துணியோ பாதத்தோடு உராய்ந்து பின்தங்கும். ஆதலால் ஒரே நீளமாக வெட்டிய இரு துணியும் கடைசியில் ஒன்று நீண்டும் ஒன்று குறைந்தும் நிற்கும். நடைபாதத்துக்கு மேலும் பற்கள் உண்டு. கீழ்ப்பற்களோடு ஒத்து நடந்து இரண்டு துணியையும் சமமாக எடுத்துச் செல்லும். மூன்றடுக்கு விரிப்பைத் தைக்க இதனினும் ஏற்ற கருவி இல்லை.

புதிய பாதம் வாங்கினால்தான் ஆயிற்று என்பதில்லை. நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு இயந்திரத்துக்கு ஒரு பெருமை உண்டு. அதன் ஊசித்தகட்டில் துளை சிறிது, வட்டமானது. கோணல் தையலும் போடும் புதிய இயந்திரத்தில் ஊசி இடம் வலம் ஆட வேண்டியிருப்பதால் துளை அகன்றது. சதுரத்தின் முனை தொடக்கத்திலேயே அதற்குள் இழுபட்டு நைந்துபோகும். ஆகவே பாட்டியின் இயந்திரத்தை எடைக்குப் போடுவதற்கு முன் சற்று நினைக்க வேண்டும். அதன் மேசையிலுள்ள திருகு துளையில் துணிவழிகாட்டி ஒன்றை முடுக்கிவிட்டால் அதுவே கால் அங்குலப் பாதத்தின் வேலையைச் செய்யும்.

அளவு சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டிகளை வெட்டுக. மூன்றையும் பக்கவாட்டில் இணைத்துத் தைத்துத் தேய்த்தபின் அளந்து பார்க்க. மொத்தம் மூன்றரை அங்குலமும், நடுப்பட்டி சரியாக ஓர் அங்குலமும் இருந்தால் தையல் சரி. நடுப்பட்டி ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் தையல் உள்ளே போயிற்று என்பது பொருள். துணி மடியும் இடத்தில் ஒரு நூல் அளவு தின்னுமாதலால், கால் அங்குலத்துக்கு ஒரு மயிரிழை உள்ளடங்கித் தைப்பது கைதேர்ந்தோர் வழக்கம்.

நெய்யாற்றின்கரை இளைஞரின் கேள்வி

பொறி மனிதனை விழுங்குமா, வாழவைக்குமா என்பது திமோனியேயின் பட்டறையை உடைத்தவர்கள் கேட்ட கேள்வி. அதையே நம் நாட்டில் ஓர் இளைஞர் காந்தியடிகளிடம் நேரில் கேட்டார். அவர் திருவிதாங்கூர் நெய்யாற்றின்கரையில் 1904-இல் பிறந்த ஜி. இராமச்சந்திரன். 1924-இல் தில்லியில், 21 நாள் உண்ணாநோன்பு முடித்து அடிகள் தேறிவந்த வேளையில், சாந்திநிகேதன் மாணவராக இருந்த அவர் கேட்டார். பொறிகள் யாவற்றையும் எதிர்க்கிறீர்களா என்பது கேள்வி. இல்லை, பொறி மீதுள்ள வெறியையே எதிர்க்கிறேன் என்ற அடிகள், விதிவிலக்காகக் காட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி ஊசியோடு வருந்துவதைக் காணப் பொறாத அன்பால் சிங்கர் அதனைச் செய்தார் என்று அடிகள் சொன்னார். இராமச்சந்திரன் விடவில்லை. அவ்வியந்திரத்தைச் செய்யவும் பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்றார். ஆம், அத்தகைய தொழிற்சாலைகள் அரசின் உடைமையாகவோ அரசின் ஆட்சியிலோ இருத்தல் வேண்டும் என்று அடிகள் விடையளித்தார். அவ்வாண்டு ‘யங் இந்தியா’ இதழில் இவ்வுரையாடல் வெளிவந்தது.

வரலாற்றின்படி சிங்கர் பொறி பிறந்தது பாஸ்டன் பட்டறையில். அதன் தூண்டுகோல் வணிக நோக்கம் என்பதை மேலே கண்டோம். அடிகள் கூறியது அவர் கேட்ட கதை. எனினும் அக்கதையின் உட்பொருள் பழுதாகவில்லை. பொறி பிறந்த காரணம் எதுவாயினும், அது இல்லத்தில் வந்து அமர்ந்தபோது ஒரு பெண்ணின் முதுகுவலியைக் குறைத்தது. அவள் கையில் நாலு காசு சேர்த்தது. அதே இராமச்சந்திரன் தம் துணைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் 1947-இல் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார். மலையாள நாட்டுக் கேள்வி தமிழ் நாட்டில் நிறுவனமாகத் தழைத்தது.

கடலுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கறுப்பினப் பெண்கள், வாக்குரிமைப் போராட்டக் காலத்தில் வேலையும் குடியிருப்பும் பறிபோன சூழலில், 1966-இல் ‘பிரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவை அமைத்து விரிப்பு தைத்து விற்றனர். பாட்டி வழியில் கண்ணளவாக வெட்டித் தைத்துப் பழகியவர்கள் அவர்களில் பலர். அங்காடிகள் ஒரே அளவை எதிர்பார்த்தன. தன் மனம்போல் தைப்பதா, கடை கேட்கும் அளவில் தைப்பதா என்னும் இடர் அவர்களுக்கும் இருந்தது. அப்பகுதியிலுள்ள ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்களின் கண்ணளவு விரிப்புகள் 2002 முதல் பெரிய கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆகவே அளவு ஒன்றே அழகு என்று நாம் சொல்ல வரவில்லை. தனக்கெனத் தைப்பவள் தன் கண்ணை நம்பலாம். எண்மர் சேர்ந்து ஒரு விரிப்புத் தைத்தால் எண்மருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும்.

மட்டாஞ்சேரியும் நாமும்

துணிக்கும் கொச்சித் தமிழர்க்கும் உள்ள தொடர்பு பழையது. கோட்டைக் கொச்சி வெளியில் உள்ள டோபிக்கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடை வெளுக்க வந்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளில் மிளகுச் சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்த கைகளிலும் தமிழ்க் கைகள் உண்டு. 1568-இல் எழுந்த பரதேசி யூதக் கோயிலுக்குச் செல்லும் தெருவில், சாரா கோஹன் அம்மையார் தம் வீட்டு முன்னறையில் கைப்பூவேலைக் கடை நடத்தினார். தொழுகைத் தொப்பியும் ரொட்டி மூடும் துணியும் மேசைவிரிப்பும் அவர் கடையில் விற்றன. 2019-இல் தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஒரு தெருவையே ஒரு மூதாட்டியின் ஊசி உலகறியச் செய்தது என்றால், எண்மரின் ஊசி என்ன செய்யாது?

இனி நம் கதையை முடிப்போம். திரும்பி வந்த விரிப்புகளைப் பார்த்துக்கொண்டு சங்கக் கூடத்தில் 8 பேரும் அமர்ந்தனர். பேச்சு நிறுத்திய இருவரும் வந்திருந்தனர். ஒருவர் வாசற்பக்கம், ஒருவர் சன்னற்பக்கம். 7 இயந்திரங்களில் தைத்த சோதனைப் பட்டிகளை மேசைமேல் வைத்து, பள்ளிச் சிறுமி ஒருத்தியை அளக்கச் சொன்னோம். ஒரு வீட்டார் பாதத்தின் விளிம்பை நம்பினர்; ஒரு வீட்டார் தகட்டிலுள்ள கோட்டை நம்பினர்; மற்றொரு வீட்டார் தம் கண்ணை நம்பினர். நடுப்பட்டி ஓர் அங்குலம் வந்தது இரண்டே வீட்டில். ஐந்து வீட்டில் வரவில்லை. சிறுமி அளவைப் படிக்கப் படிக்கக் கூடத்தில் அமைதி நிலவியது. பிறகு சன்னற்பக்கத்து அம்மையார் சிரித்துவிட்டார். “அப்போ எங்க ரெண்டு பேர் மிசினும் தப்புதானா அக்கா?” என்று வாசற்பக்கத்தாரைக் கேட்டார். வரலாறு ஆராய்ந்து நாம் பெற்ற பயன் அக்கேள்வியே.

அன்று மாலை இழுப்பறைகள் திறந்தன. துருவேறிய பாதங்கள் மண்ணெண்ணெயில் ஊறின. வீட்டு இயந்திரங்கள் பெரும்பாலும் தாழ்தண்டு வகையாதலால், ஒரு வீட்டுப் பாதம் மறு வீட்டு இயந்திரத்திலும் பொருந்தியது. இரண்டு நடைபாதங்களைப் பொதுப்பணத்தில் வாங்கினோம். அட்டையில் கால் அங்குலம் வரைந்து, ஊசி அதன் கோட்டில் இறங்கும்படி வைத்து, ஒவ்வோர் இயந்திரத்தின் மேசையிலும் ஒட்டுநாடாவால் சிறு கரை கட்டினோம். திரும்பி வந்த 8 விரிப்புகளும் பிரிக்கப்பட்டு மீண்டும் தைக்கப்பட்டன. பிரித்துத் தைத்ததால் சற்றுச் சிறியவை ஆயின; கடைக்கு அனுப்பவில்லை. இவ்வாண்டு விழாவில், காலனியில் பிறந்த குழந்தைகளுக்கு அவை சங்கத்தின் அன்பளிப்பாக வழங்கப்படும். அடுத்த ஆணைக்கு வேண்டிய வரிசைகள் 7 வீட்டிலும் தைக்கப்பட்டு வருகின்றன. இதுவரை அளந்தவை யாவும் நாற்பத்தெட்டரை அங்குலமே.

தாய்மார்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. இன்று வீடு சென்றதும் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து பார்க்க. அங்கே கிடக்கும் பாதங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுக. அவற்றின் பெயரும் பயனும் அறிந்த மூதாட்டியர் நம்மிடையே இன்னும் சிலர் உளர். அவர்களை அமர்த்திக் கேட்டு, அறிந்ததைப் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும் கற்பிக்க. பல ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி வந்து, பல நிறத் துண்டுகளாய் இம்மண்ணில் சேர்ந்திருப்பவர்கள் நாம். ஒரே அளவில் இணைந்தால் நாமும் நல்லதொரு விரிப்பாவோம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!